எரிமலையின் இடது கண்ணுக்கு முதலிடம்

சகல கலைமன்றத்தாருக்கும், மைக் செட் உரிமையாளர்களுக்கும், மேடையில் ஒருமுறையாவது செத்து விழுந்திருக்கும் பெருமக்கள் அனைவருக்கும் மேற்கு வட்டாரக் கலைமன்றக் கூட்டமைப்பு மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த பெருமையோடும் தெரிவித்துக்கொள்வது: வாழும் நாடகாசிரியர்கள் எழுதிய புதிய நாடகங்களில் இவ்வாண்டு மேடையேற்றத் தகுந்தவை ஏழு. அவற்றின் பட்டியல் வரும் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உலக நாடகத்தின் கண்கள் இப்போது குலசேகரத்தை நோக்கித் திரும்பியுள்ளன.

கடைசி வரியைக் கூட்டமைப்பின் தலைவர் தாணுமாலயன் தம் கையால் சேர்த்தார். அறிவிப்பு வாட்சப்பில் வந்த செவ்வாய்க்கிழமை காலையில் உலக நாடகத்தின் கண்கள் எந்தப் பக்கம் இருந்தனவோ தெரியாது. பெமிலாவின் வலது கண் வீங்கி மூடிக் கிடந்தது. மார்த்தாண்டம் பஸ்ஸிலிருந்து அவள் மழையில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கிடையே சறுக்குகிற செம்மண் பாதையில் ஏறி, அப்பா ஜெபதாஸின் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கூட வரவேண்டிய பிள்ளை இல்லை.

அம்மா நேசபாய் முதலில் கேட்டது அதைத்தான். கண்ணைப் பார்த்த பிறகும் அதையேதான் கேட்டாள்.

"ஜெஸ்பின் எங்கட்டி?"

"தரமாட்டேன்னுட்டான்."

"யாரு?"

"வேற யாரு, நாடகச் செம்மல்."

நாடகச் செம்மல் என்பது பெமிலாவின் கணவன் சத்தியராஜ். மார்த்தாண்டத்தில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். அந்தப் பட்டத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. சொந்தக் கடை, சொந்த மை, ஒருநாள் இரண்டு பிளக்ஸுக்கு நடுவே மிச்சமிருந்த இடத்தில் அடித்துக்கொண்டான்.

"லிஸ்டுல மொத இடம் வேணுமாம்," என்றாள் பெமிலா. "அண்ணன் போட்டா பிள்ளையக் கொண்டு விடுவானாம். போடல்லேன்னா நீ அங்கயே கிட, பிள்ளை இங்க நிக்கட்டுன்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டான். டிக்கெட்டும் எடுத்துத் தந்தான்."

"பொம்பளையளுக்கு டிக்கெட்டு ஓசிதானட்டி."

"அதாக்கும் எடுத்துத் தந்தது."

பையில் நூற்று நாற்பது பக்கம் கையெழுத்துப் பிரதி இருந்தது. நாடகத்தின் பெயர் 'எரிமலையின் இடது கண்'. மூன்று அங்கம், பதினொரு கொலை, ஒரு கனவு. எழுத்து முத்துமுத்தாக இருந்தது. எழுத்து பெமிலாவுடையது.

அண்ணன் டெனிஷுக்கு இதில் என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். டெனிஷ் பால்வெட்டுக்காரன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு ரப்பர் மரங்களில் கத்தி போட்டு, சிரட்டைகளில் வடிந்த பாலை ஒன்பது மணிக்குச் சேர்த்து, ஆசிட் கலந்து தட்டுகளில் ஊற்றிவிட்டால், அது உறையும்வரை அவனுக்கு நேரம் இருக்கும். அந்த நேரத்தில் நாடகப் பிரதிகளை வாசிப்பான். வட்டாரத்தில் நாடகம் எழுதுகிறவர்கள் முப்பது பேர். அடுத்தவன் நாடகத்தை வாசிக்கிறவன் டெனிஷ் ஒருவன். ஆகவே ஆறு வருடமாக அவன்தான் கூட்டமைப்பின் ஒரே பரிந்துரையாளன். அவன் எழுதுகிற ஏழு பத்திகளை வைத்துத்தான் கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் மன்றங்கள் நாடகம் தேர்ந்தெடுக்கும் என்று தாணுமாலயன் மேடைதோறும் சொல்லுவார்.

பெமிலாவின் கல்யாணப் பேச்சு நடந்தபோது எல்லாம் ஒத்துவந்து ஒரு மோட்டார் பைக்கில் வந்து முட்டி நின்றது. பைக் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் எழுந்திருக்க மாட்டார்கள். ஜெபதாஸிடம் பைக் இல்லை. அப்போது ஜெபதாஸ், வாழ்நாளில் ஒரு நாடகத்தையும் முழுதாகப் பார்த்திராத மனிதர், ஒரு யோசனை சொன்னார்.

"பைக்குக்குப் பதிலா எனக்க மவன் வருசாவருசம் மாப்பிளைக்க நாடகத்த லிஸ்டுல போடுவான்."

சபை சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை, கண் கலங்கினான். போதகர் ஜெபம் பண்ணி முடித்துவைத்தார். உலகத்தில் வேறெங்கும் நாடக விமரிசனம் சீதனமாகப் போயிருக்காது.

டெனிஷ் வாக்கைக் காப்பாற்றினான். ஒவ்வொரு வருடமும் அளியனின், அதாவது தங்கை புருஷனின், நாடகத்தை ஏழாவதாகப் போட்டான். ஏழாவது இடத்துக்கு ஒவ்வொரு வருடமும் பெமிலா அடி வாங்கினாள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. இந்த வருடம் டெனிஷ் திருவனந்தபுரத்தில் மூன்று நாள் நாடகப் பட்டறைக்குப் போய்வந்தான். திரும்பும்போது ஒரு ஜோல்னாப்பையும் நேர்மையும் கொண்டுவந்தான். பட்டியலிலிருந்து அளியனின் பெயரையே அடித்துவிட்டான். அடித்ததைத் தாணுமாலயனிடம் சொன்னான். தாணுமாலயனிடம் சொன்னது மார்த்தாண்டத்துக்குப் போய்ச்சேர அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று பகல் முழுக்க மழை. மழையில் மரத்தில் கத்தி வைக்க முடியாது. நாலு பேரும் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்கள். மரச்சீனிக்கிழங்கு அவித்து, சாளை மீனைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருந்தாள் நேசபாய். பெமிலாவால் கிழங்கைக் கடிக்க முடியவில்லை. குழம்பில் கரைத்துக் குடித்தாள்.

"நாலு வரி எழுதிக் குடுலே," என்றார் ஜெபதாஸ். "மொத இடம்னு போடுததுக்கு ஒனக்க கை என்ன தேஞ்சா போவும்?"

"அப்பா, ஒரு பிரதிய தகுதி இல்லாம முன்வச்சா அது நாடகக் கலைக்குச் செய்யுத துரோகம்."

"லே, அவளுக்க கண்ணப் பாத்துட்டுப் பேசு," என்றாள் நேசபாய்.

"எந்தக் கண்ண?" என்றாள் பெமிலா. "தொறந்திருக்கதையா, மூடியிருக்கதையா?"

டெனிஷ் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போலீசுக்குப் போவோம்," என்றான்.

"போ. போயிட்டு வாறதுக்குள்ள பிள்ளைய பெங்களூருல அவனுக்க அக்காக்க வீட்டுக்குக் கடத்திருவான். பிறகு நான் எங்க போய்த் தேடுவேன்? ரெண்டு தடவ சொல்லியாச்சு, பையெல்லாம் எடுத்து வச்சாச்சு."

"ஏட்டி, அந்த நாடகத்த நீ வாசிச்சியா? மொத அங்கத்துல செத்துப்போன ஜமீன்தாரு மூணாவது அங்கத்துல வந்து சாயா குடிக்கான்!"

"வாசிச்சியாவா? ஏழு தடவ நாந்தான் பெயர்த்து எழுதினேன். அவன் நடந்துகிட்டே சொல்லுவான், நான் எழுதணும். ரெண்டாம் அங்கத்துல ஜமீன்தாரு பெஞ்சாதிய இடுப்புல சவுட்டி மிதிக்கானே, வாசிச்சியா?"

"வாசிச்சேன். மிகை."

"அது எனக்க இடுப்பாக்கும்."

டெனிஷ் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சவுட்டினா எப்படி விழுவா, எந்தப் பக்கம் சாய்வான்னு தெரியணும்னு சவுட்டினான். சரியா விழல்லேன்னு திரும்பச் சவுட்டினான். பிறகு உக்காந்து எழுதுன்னான். எழுதினேன். புரட்சிக்காரன் தங்கச்சிக்க முடியப் பிடிச்சு சுவத்துல இடிப்பான், அது போன மாசம். இந்தக் கண்ணு நாடகத்துல இல்ல. இது ஒனக்க நேர்மைக்கு."

நேசபாய் கரண்டியைக் கீழே வைத்தாள். ஜெபதாஸ் எழுந்து மழையிலேயே ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின்புரைக்குப் போய், சாணைக்கல்லில் வெட்டுக்கத்தியைத் தீட்டத் தொடங்கினார். ஏற்கெனவே தீட்டிய கத்திதான். சாயங்காலம்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இருட்டும்போது டெனிஷ், "எழுதுதேன்," என்றான்.

வியாழக்கிழமை மழை விட்டது. வெள்ளிக்கிழமை பால் வெட்டினார்கள். மூன்று நாள் ஓய்வெடுத்த மரங்கள் சிரட்டை நிறையப் பால் தந்தன. சனிக்கிழமை காலை தட்டுகளில் பால் வெள்ளை வெளேரென்று, அவித்த இட்லிபோல உறைந்து கிடந்தது. அதைக் கையால் அழுத்தித் தட்டையாக்கி, இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே கொடுத்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். தண்ணீர் பிழிந்து ஷீட்டாக மறுபக்கம் வரும். பெமிலா சக்கரத்தைப் பிடித்தாள். பத்து வயதிலிருந்து அவள் சுற்றிய சக்கரம். கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு எண்ணெய் போடக்கூட ஆளில்லை என்று ஜெபதாஸ் சொல்லுவார்.

ஒன்பதரைக்குச் சத்தியராஜ் வந்தான். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் துண்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா. வந்த பைக் அவன் சொந்தமாக வாங்கியது. அதை எல்லாரும் கவனிக்கும்படி முற்றத்தின் நடுவில் நிறுத்தினான்.

"பிள்ளை?" என்றாள் பெமிலா.

"மொதல்ல தாளு."

டெனிஷ் தாளைக் கொடுத்தான். சத்தியராஜ் மிஷின் பக்கத்தில் நின்று உரக்க வாசித்தான்.

"'முதலிடம். எரிமலையின் இடது கண். கவனிக்கத்தக்க முயற்சி.'" நிறுத்தினான். "முயற்சியா?"

"நல்ல வார்த்தைதான், அளியா."

டெனிஷின் கன்னத்தில் அறை விழுந்தது.

"'மகத்தான படைப்பு'ன்னு மாத்து."

டெனிஷ் மாற்றினான்.

"'பல கொலைகள் விறுவிறுப்பாக உள்ளன.' பலன்னா என்ன பல? பதினொண்ணுன்னு போடு. ஒவ்வொரு கொலையும் ஒரு தத்துவம்னு போடு."

"பதினொண்ணும் ஒரே கத்திதானே அளியா, அதுல என்ன தத்துவம்..."

இரண்டாவது அறை. டெனிஷின் உதடு கிழிந்தது. தாளில் ஒரு சொட்டு விழுந்தது. 'தத்துவம்' என்று எழுதினான்.

ஜெபதாஸ் கத்தியோடு ஓரடி முன்னால் வந்தார். "மாமா, பிள்ளை அங்க எனக்க அம்மைக்கிட்ட இருக்கு, மனசிலாச்சா?" என்றான் சத்தியராஜ். ஜெபதாஸ் நின்ற இடத்தில் நின்றார்.

"இப்பம் கடைசி வரி. 'இந்நாடகம் தமிழ் நாடகத்தின் திசையையே மாற்றியது.' எழுது."

டெனிஷ் பேனாவைக் கீழே வைத்தான். மகத்தானதை விழுங்கினான், தத்துவத்தை விழுங்கினான். திசை தொண்டையில் நின்றுவிட்டது. மூன்று நாள் பட்டறைதான் என்றாலும் பட்டறை பட்டறைதானே.

"இன்னும் மேடையே ஏறல்ல. மாத்தியதுன்னு எப்படி எழுத? 'மாற்றக்கூடும்'னு போடுதேன்."

பெமிலா சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டிய இடமில்லை, ஆனாலும் வந்துவிட்டது. சத்தியராஜ் திரும்பிப் புறங்கையால் அவள் வாயில் அடித்தான். அவள் சக்கரத்தின் மேல் சாய்ந்து, நிமிர்ந்து, துப்பினாள். தரையில் பல் ஒன்று விழுந்து பிழிந்த தண்ணீர் போகும் வாய்க்காலில் ஓடியது. டெனிஷ் அவன்மேல் பாய்ந்தான். நாடகம் வாசிக்கிறவன் அடி போடுவதுபோல்தான் போட்டான், காற்றில் போனது. சத்தியராஜ் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியை மிஷினின் இரும்புச் சட்டத்தில் இடித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு ஊன்றிக்கொள்ள வலது கையை மிஷினின் முன்பலகையில் வைத்தான். அங்கே அடுத்த ஷீட் பாதி உருளைக்குள் போய், பாதி ஈரமாக வெளியே கிடந்தது. அவன் கை அதன்மேல் இருந்தது.

பெமிலா சக்கரத்தைச் சுற்றினாள்.

ஷீட் உள்ளே போனது. கையையும் கூட்டிக்கொண்டு போனது. நாலு விரல், முட்டிவரை. முதல் ஓட்டத்துக்காக உருளைகளின் இடைவெளியைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் மறுபக்கம் விரல்களும் ஷீட்டாகவே வந்திருக்கும். காய்ந்த சுள்ளியை மிதித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு சத்தியராஜின் சத்தம்.

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இருபது பேர் ஓடிவந்தார்கள். சத்தியராஜ் எட்டாத கையால் சக்கரத்தைத் தேடினான். நேசபாய் மூலையில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துச் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே செருகினாள். இனி அது எந்தப் பக்கமும் சுற்றாது.

"எழுதுத கை!" என்று அலறினான். "அய்யோ, எனக்க எழுதுத கை!"

"எழுதினது எனக்க கையாக்கும்," என்றாள் பெமிலா. வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்தாள். "ஃபோன எடுத்து ஒனக்க அம்மைய விளி. பிள்ளைய ஆட்டோவுல ஏத்திக் கொண்டு வரச் சொல்லு. பிள்ளை வந்து எனக்க இடுப்புல ஏறின பிறகு பின்னால சுத்துவேன்."

"செத்துப் போவேன் பெமிலா..."

"மூணாவது அங்கத்துல வந்து சாயா குடிக்கலாம். விளி."

பக்கத்துத் தோட்டத்தில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைப் பறிக்கிற இசக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தாள். "ரிகர்சலாட்டி?" என்றாள். பெமிலாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஸ்டூலை எடுத்து மிஷின்புரை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் கடப்பாரையைத் தொடவில்லை.

சத்தியராஜ் இடது கையால் போன் பண்ணினான். மார்த்தாண்டத்து நெரிசலைத் தாண்டி ஆட்டோ வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடம் பெரிய நேரம். நேசபாய் கட்டன் சாயா போட்டு வந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மருமகனுக்கும் ஒரு கிளாஸ் வாயில் பிடித்தாள். மயக்கம் போடக்கூடாதென்று சீனி கூடுதலாக. ஜெபதாஸ் அவன் முழங்கைக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டினார். டெனிஷ் நெற்றியில் துணியைப் பொத்திக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான். மடியில் பிரதி இருந்தது.

"அளியா, இப்பமாவது கேளு. ரெண்டாம் அங்கம் நீளம்."

"கைய எடுத்து விடுலே..."

"குருட்டுப் பாட்டுக்காரன் கொலையாளிய எப்படிப் பாத்தான்?"

"அது... அகக்கண்ணு."

"எழுதல்லியே. பதினொரு கொலையும் வேண்டாம். ஏழு போதும். தங்கச்சியச் சுவத்துல இடிக்கது வேண்டாம். பெஞ்சாதியச் சவுட்டுதது வேண்டவே வேண்டாம்."

"சரி."

"ஜமீன்தாரு திரும்ப வரக்கூடாது."

"வரல்ல. சத்தியமா வரல்ல."

"அந்தக் கனவு?"

சத்தியராஜ் அந்த நிலையிலும் கொஞ்சம் யோசித்தான். "கனவு இருக்கட்டு அளியா."

"அதையும் எடுக்கச் சொல்லு மக்கா," என்றாள் இசக்கி. "போன வருசமும் கனவுல உறங்கிட்டேன்."

கனவையும் எடுத்தார்கள். வட்டார வரலாற்றில் ஒரு நாடகாசிரியன் விமரிசனத்தை முழுதாகக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

ஆட்டோ வந்தது. சத்தியராஜின் அம்மா டெல்சி, ஒரு பாட்டில் தண்ணீரும் ஜெஸ்பினின் துணிமணிகள் கட்டிய பையுமாக இறங்கினாள். பெங்களூருக்கு எடுத்துவைத்த அதே பைதான். ஜெஸ்பின் அம்மாவின் வாயைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை அழவில்லை. அந்த வீட்டில் சத்தம் போடாமல் பார்க்கப் பழகியிருந்தாள். பெமிலா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அத்த, இது ஒங்க மவன். கையப் பிடிச்சுக்கிடுங்க. நோவும்."

கடப்பாரையை உருவி, ஒற்றைக் கையால் சக்கரத்தைப் பின்னால் சுற்றினாள். விரல்கள் போன வழியே திரும்பி வந்தன. சத்தியராஜ் அந்த ஆட்டோவிலேயே விழுந்தான். டெல்சி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவன் நாடகத்தில் வைக்கப்போகும் மிஷினைச் சோதித்தபோது கை மாட்டிக்கொண்டதாகச் சொன்னான். போலீசுக்குப் போனால் சக்கரத்தைச் சுற்றியது யாரென்று எழுதவேண்டி வரும். பதினொரு பேரைக் கொன்றவனுக்கு அந்த ஒரு வரி எழுத மனம் வரவில்லை. மூன்று விரலின் எலும்பு கூடியது. ஒன்று மடங்காது.

அன்று மத்தியானம் டெனிஷ் ரத்தம் சிந்திய தாளைக் கிழிக்கப் போனான். பெமிலா கையைப் பிடித்தாள்.

"கிழிக்காண்டாம் அண்ணா. மொத இடத்துல போடு. மகத்தான, தத்துவம், திசை, எல்லாம் போடு."

"இவ்வளவுக்குப் பிறவுமா?"

"அப்பா பைக்குக்குப் பதிலா குடுத்த வாக்கு. குடுத்தாச்சுன்னு இருக்கட்டு. நாளைக்கு நான் கோர்ட்டுல போய் நிக்கும்போ, பெண்ணு வீட்டுக்காரன் சொன்னதச் செய்யல்லேன்னு ஒருத்தனும் வாயத் தொறக்கப்படாது."

டெனிஷ் பேனாவைத் தேடி எடுத்தான். பிறகு 'மாற்றியது' என்று எழுதினான். நெற்றியில் போட்ட தையலைவிட அதுதான் வலித்தது என்று இன்றைக்கும் சொல்லுவான். அவன் சொல்லும்போது பெமிலா நாக்கால் பல் போன இடத்தைத் தடவிக்கொள்வாள்.

பட்டியல் புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சானது. தாணுமாலயன் வெளியிட்டார். ஒருமணி நேரம் பேசினார். பதினைந்து நிமிடம் எரிமலையைப் பற்றி, மீதி தம்மைப் பற்றி. சத்தியராஜ் கட்டுப்போட்ட கையோடு மேடையேறி, இடது கையால் பொன்னாடையை வாங்கிக்கொண்டான். அதே வாரம் பெமிலா பத்மநாபபுரம் கோர்ட்டில் மனு கொடுத்தாள். ஜெஸ்பினைக் குலசேகரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அந்த வருடம் கூட்டமைப்பின் நாற்பத்திரண்டு மன்றங்களில் ஒன்றுகூட நாடகம் போடவில்லை. எல்லாரும் சினிமாப் பாட்டுக் கானமேளா வைத்தார்கள்.